இயந்திரப் பதிவேடு, வரிசை எண் 118

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று முற்பகல் 11.40 மணிக்கு, மூன்று பேர் கொண்ட குழு நாற்பது நிமிடம் விவாதித்து, என் அறையில் இருக்கும் பழைய கணினியைத் தளவாடப் பதிவேட்டில் ஏற்றுவதில்லை, இயந்திரப் பதிவேட்டில் ஏற்றுவது என்று ஏகமனதாக முடிவெடுத்தது. இந்தச் சர்க்கரை ஆலை தொடங்கி நாற்பத்தொரு ஆண்டுகளில் ஏகமனதாக எடுக்கப்பட்ட முடிவுகள் மூன்று. மற்ற இரண்டும் இரங்கல் தீர்மானங்கள்.

நிர்வாக மேலாளர் கோதண்டபாணி முதலில் தளவாடத்தின் பக்கம் இருந்தார். வைத்த இடத்தில் இருப்பது தளவாடம் என்பது அவர் கொள்கை. எட்டு வருடம் முன்பு, ஆலைக் கணினிகள் இணையத்துக்கும் சர்வருக்கும் போகும் வாசலில் ஃபயர்வால் என்ற காவல் பெட்டியை வைத்தபோது அதையும் அப்படித்தான் ஏற்றினார். இரண்டு பீரோக்களுக்கும் ஒரு சாய்வு நாற்காலிக்கும் நடுவில் அது இன்றும் பதிவாகியிருக்கிறது. கணினிப் பிரிவின் சார்பில் நான் இயந்திரத்தின் பக்கம்.

"உள்ள ஏதாவது சுத்துதா?" என்று கேட்டார்.

"ஃபேன் சுத்துது சார்."

"சத்தம் வருமா?"

"வரும் சார்."

"அப்ப இயந்திரம்தான். எழுதிக்குங்க சபேசன்."

வரிசை எண் 118. எண் 117 கொதிகலனுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்பு. நல்ல அண்டை வீட்டார்.

கணினி எதற்கு என்றால், தலைமையகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்கோ ஓர் ஆலையில் வெளியாட்கள் புகுந்து கணினிகளையெல்லாம் பூட்டிவிட்டார்களாம். இனி எல்லா ஆலைகளிலும், யார், எந்தக் கணினியிலிருந்து, எப்போது, எங்கே நுழைந்தார் என்ற லாக் வரிகளை ஓரிடத்தில் சேகரித்து நூற்றெண்பது நாள் வைத்திருக்க வேண்டும். கடைசித் தேதி செப்டம்பர் 30. வேலையைத் தினமும் குறித்து வைக்கவும் சொல்லியிருக்கிறார்கள். அதற்காக இந்த நோட்டு. இது என் சொந்த உபயோகத்துக்கு மட்டும். ஆவணமல்ல.

செப்டம்பர் 5, வியாழன்

சேகரிப்பான் நிறுவப்பட்டது. முழு மென்பொருளும் கன்டெய்னர் என்ற ஒன்றுக்குள் கட்டிக் கொடுத்தாற்போல் வருகிறது. ஒரு கட்டளை தட்டினால் எழுந்து உட்கார்ந்துவிடும். முப்பது வருடம் முன்பு ஒரு பிரிண்டரை எழுப்ப மூன்று பேர் நான்கு நாள் பாடுபட்டோம். அப்போது செய்தோம் என்ற திருப்தியாவது இருந்தது.

மென்பொருள் கம்பெனியின் உதவி எண்ணில் பேசுவது ஷர்மிளா என்ற பெண். கோயம்புத்தூர். குரலை வைத்துப் பார்த்தால் என்னைப்போல் நாற்பது பேரை ஒரே நேரத்தில் சமாளிக்கிறார்.

"சார், ஒண்ணு முக்கியமா கேட்டுக்குங்க. கன்டெய்னர்ங்கறது லாட்ஜ் ரூம் மாதிரி. தங்கற வரைக்கும் எல்லாம் இருக்கும். காலி பண்ணீட்டீங்கன்னா ரூம்பாய் வந்து துடைச்சு, பெட்ஷீட் மாத்தி, அடுத்த ஆளுக்கு ரெடி பண்ணிருவான். நீங்க விட்டுட்டு வந்த சட்டைய போய்க் கேக்க முடியாது."

"புரிகிறது."

"அதனால வர்ற வரியெல்லாம் ரூமுக்குள்ள வைக்காம, வெளிய ஒரு ஃபோல்டர் குடுத்துருங்க. லாக்கர் மாதிரி. ரூம் போனாலும் அது போகாது. இப்பவே பண்ணிரலாமா?"

வெளியே என்றால் அந்தக் கணினியின் டிஸ்கில் இடம் வேண்டும். பழைய எடைமேடைக் கணினி. பன்னிரண்டு வருட லாரி எடைகளால் நிரம்பியிருக்கிறது. அழிக்க எனக்கு அதிகாரம் இல்லை. புது டிஸ்க் வாங்க வேண்டும்.

"அதுவரை ரூமிலேயே இருக்கட்டும்" என்றேன்.

"சரிங்க சார். சொல்லிட்டேன்" என்றார். டிக்கெட் என்று அவர்கள் சொல்லும் புகார்க் குறிப்பில் எழுதியும் வைத்துக்கொண்டார்.

செப்டம்பர் 6, வெள்ளி

சேகரிப்பான் கேட்டுக்கொண்டிருக்கிறது. யாரும் பேசவில்லை. காவல் பெட்டி தன் வரிகளை இங்கே அனுப்பும்படி மாற்ற அதன் கடவுச்சொல் வேண்டும். அது ஓய்வுபெற்ற அற்புதராஜ் ஒருவருக்குத்தான் தெரியும். அவர் வேளாங்கண்ணித் திருவிழாவில் இருக்கிறார். தொலைபேசியில் தேர் வேட்டுச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வோர் எழுத்தாகக் கத்தினார். திருவிழாக் கூட்டமே நம் ஆலையின் கடவுச்சொல்லைக் கேட்டிருக்கும். பாதுகாப்புக் கடிதத்தில் இதற்குத் தடை எதுவும் இல்லை.

செப்டம்பர் 9, திங்கள்

பகல் 12.16க்கு முதல் வரி வந்தது. மாலைக்குள் நாற்பத்தோராயிரம்.

செப்டம்பர் 11, புதன்

டிஸ்குக்குக் கொள்முதல் பிரிவில் விண்ணப்பம் கொடுத்தேன். மூன்று கொட்டேஷன் வேண்டுமாம். ஊரில் கணினிக் கடைகள் இரண்டு.

செப்டம்பர் 16, திங்கள்

சேகரிப்பதுதான் உத்தரவு, படிப்பது அல்ல. ஆனாலும் இன்று கொஞ்சம் படித்தேன். பத்தொன்பது மாதத்தில் ஓய்வுபெறப் போகிறவனுக்கு இப்படி ஒரு வாசிப்பு வாய்ப்பது அபூர்வம்.

கணக்குப் பிரிவு காலை பத்திலிருந்து கிரிக்கெட் பார்க்கிறது. கோதண்டபாணியின் கணினி தினமும் ஐந்து ஜோதிடத் தளங்களுக்குப் போகிறது. ஐந்தில் எது நல்ல பலன் சொல்கிறதோ அதில் அதிக நேரம் நிற்கிறது. ஆலையில் வேலைக்காக மட்டும் கணினியைப் பயன்படுத்தும் ஒரே ஆள், கரும்புப் பிரிவில் பதினொரு வருடமாக ஒப்பந்தத்தில் இருக்கும் ஆபரேட்டர் தமயந்தி. காலை 9.32 முதல் மாலை 5.10 வரை, விவசாயிகள் விவரம் உள்ள கரும்பு சர்வர். மதியம் அரை மணி ஒரு வரியும் இல்லை, அது சாப்பாடு. ஒப்பந்த ஊழியர்களில் நிரந்தரம் செய்ய வேண்டியவர்கள் பட்டியலில் ஏழு பேர். மூன்றாவது பெயர் அவருடையது. கோப்பு தலைமையகத்தில் இருக்கிறது.

ஒரே ஒரு வரி அந்த ஒழுங்குக்கு வெளியே இருந்தது. வெள்ளிக்கிழமைக்கானது.

13-09, 17:52:31. பயனர்: தமயந்தி. நுழைவு. கணினி: த.க.அ. அறை.

த.க.அ. என்றால் தலைமைக் கரும்பு அலுவலர் இளவழகன். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. அதிகாரிகள் யாரும் தங்கள் பெயரில் நுழைவதில்லை. அவர்களுக்குக் கடவுச்சொல் கொடுத்தோம்; மறந்துவிட்டார்கள்; மறுபடி கொடுத்தோம்; கோபித்துக்கொண்டார்கள். ஆபரேட்டரின் கடவுச்சொல்லை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொள்வதே இங்கே வழக்கம். தமயந்தியோ 5.20 ஆலைப் பேருந்தில் போய்விடுபவர். சுவாரசியத்துக்காக மட்டும் குறித்துவைக்கிறேன்.

செப்டம்பர் 20, வெள்ளி

அறிவிப்புப் பலகையில் வெட்டு வரிசை ஒட்டப்பட்டது. பத்து மணிக்கு வாசலில் கூட்டம்.

முதலில் நட்டவருக்கு முதலில் வெட்டு உத்தரவு. உத்தரவு இல்லாமல் வெட்டிக் கொண்டுவந்தால் ஆலை வாங்காது. காத்திருக்கும் கரும்பு பூத்துவிடும், உள்ளே சக்கையாகும், எடை போய்விடும். ஆகவே இந்த ஆலையில் ஒரு விவசாயிக்குப் பிறந்த தேதி மறந்தாலும் நட்ட தேதி மறக்காது.

ஏந்தலூர் அய்யாக்கண்ணு என்பவர் நேராக என் அறைக்குள் வந்துவிட்டார். கணினி என்று எழுதியிருப்பதால் நான்தான் காரணம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"ஐயா, தை மூணாந் தேதி நட்டேன். ஒங்க ஆளுதான் வந்து அளந்து பதிஞ்சாரு. ஒம்போதாவது நம்பரு எனக்கு. இப்ப எரநூத்தி முப்பத்தொண்ணுங்கறீங்க. பங்குனியில நட்டேன்னு போட்டிருக்கு. எங்கொல்லையில நானே ரெண்டு மாசம் கழிச்சு நட்டனா?"

"தரவு கரும்புப் பிரிவினுடையது. நாங்கள் இணைப்பு மட்டும்தான்" என்றேன்.

"அப்ப யாரக் கேக்கறது?"

"விண்ணப்பம் கொடுங்கள்."

"கரும்பு விண்ணப்பத்த படிச்சிட்டு பூக்காம இருக்குமா?" என்று கேட்டார். பதில் எதிர்பார்த்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

அவரையும் சேர்த்து முப்பத்து நான்கு பேர் பின்னால் போயிருக்கிறார்கள். ஆறு பேர் முன்னால் வந்திருக்கிறார்கள். ஆறு பேரும் ஒரே குடும்பம், அதிகாரிக்கு வேண்டியவர்கள் என்று வாசலில் சத்தமாகவும், உள்ளே மெதுவாகவும் பேசிக்கொண்டார்கள்.

செப்டம்பர் 23, திங்கள்

கோதண்டபாணி கரும்பு சர்வரில் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். தேதிகள் மாற்றப்பட்டது செப்டம்பர் 13, மாலை 5.52 முதல் 6.20 வரை. மாற்றியவர் பெயர் தமயந்தி. சர்வர் பெயரை மட்டுமே வைத்திருக்கும். எந்த அறையிலிருந்து என்பது காவல் பெட்டிக்குத்தான் தெரியும். அது ஒரு நாளுக்கு மேல் எதையும் நினைவில் வைக்காது. ஆகவே அந்த விவரம் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. எண் 118.

"ஐ.டி. யாரோடது?" என்றார் கோதண்டபாணி.

"தமயந்தி."

"முடிஞ்சுது. விளக்கம் கேட்டுக் குறிப்பாணை குடுத்துருவோம்."

"சார், எந்தக் கணினியிலிருந்து என்று..."

"ஏன் சபேசன், வீட்டுச் சாவி ஒருத்தர்கிட்ட இருக்கு, வீட்ல பொருள் காணோம். கதவு எந்தப் பக்கம் திறந்துதுன்னா கேப்பாங்க?"

உவமை பொருந்தவில்லை. ஆனால் உவமை சொன்னவர் நிர்வாக மேலாளர். விவரங்களை முழுமையாகத் திரட்டிய பிறகு பேசுவதே முறை என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 24, செவ்வாய்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் தமயந்தி வந்தார். பதினொரு வருடத்தில் அந்த அரை மணியை அவர் வேறு எதற்கும் செலவிட்டதாக எனக்கு நினைவில்லை. குறிப்பாணையை மடித்துக் கையில் வைத்திருந்தார்.

"சார், உங்க பொட்டியில எல்லாம் விழுதாமே?"

"விழும்."

"அன்னைக்கு சாயங்காலம் நான் எங்க இருந்தேன்னு அது சொல்லுமா?"

"ஆளைச் சொல்லாது. கணினியைச் சொல்லும்."

"அது போதுமே சார். நான் பஸ்ல இருந்தேன். என் சிஸ்டம் மூடியிருந்துச்சு. டிரைவர் மாரிமுத்து அண்ணன் கூட சொல்வாரு. பாத்தீங்களா அத?"

"முறைப்படி பார்க்க வேண்டும்" என்றேன்.

"முறைப்படின்னா எப்ப சார்?"

"கேட்கப்படும்போது."

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. "போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா சார்? அந்த ஒரு வரி மட்டும்."

விசாரணைக்கு முன் ஒரு சான்றை, குற்றம் சாட்டப்பட்டவர் கையில் கொடுப்பது சரியல்ல என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்ப அதுல இருக்கு" என்றார். கேள்வியாகச் சொல்லவில்லை. வரும்போது இருந்ததைவிடத் தெம்பாகப் போனார். நான் எதுவும் உறுதி கூறவில்லை என்பதை இங்கே குறிக்கிறேன்.

செப்டம்பர் 26, வியாழன்

இளவழகன் என் அறைக்கு வந்தார். இந்த ஆலையில் பதினாறு வருடம் ஒரே மாடியில் இருந்திருக்கிறோம். இதுதான் முதல் முறை. உட்கார்ந்தார். மின்விசிறியைப் பாராட்டினார்.

"சார் சொந்த வீடு இங்கதான கட்டியிருக்கீங்க? மாடி எடுத்தாச்சாமே?"

"ஆமாம்."

"நல்லது. ரிட்டயர்மென்ட்டுக்கு முன்னாடி வெளியூர் போட்டுட்டா ரொம்பக் கஷ்டம். தென்கோடியில ரெண்டு மில்லுல சிஸ்டம் ஆபீசர் இல்லாம கேட்டுக்கிட்டே இருக்காங்க. நான்தான் சபேசன் சாரத் தொந்தரவு பண்ணாதீங்கன்னு சொல்லிட்டிருக்கேன்."

நன்றி சொன்னேன்.

எழுந்து போகும்போது எண் 118ஐ விரலால் தட்டிப் பார்த்தார், பலாப்பழம் வாங்குகிறவர் தட்டுவதுபோல. "இது எவ்வளவு நாள் வச்சிருக்கும் சார்?"

"நூற்றெண்பது நாள்."

"அடேங்கப்பா. மனுசனுக்கே அவ்வளவு ஞாபகம் இருக்காது" என்றார்.

அன்பான மனிதர். வந்து போனது முப்பது நிமிடம். பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

செப்டம்பர் 30, திங்கள்

தலைமையகத்துக்குச் சான்று அனுப்பினேன்: 'சேகரிப்பான் நிறுவப்பட்டு முழுமையாக இயங்குகிறது. லாக் வரிகள் நூற்றெண்பது நாள் பாதுகாக்கப்படும்.' பாராட்டிப் பதில் வந்தது. குறித்த தேதிக்குள் முடித்த ஒரே ஆலை நாங்கள்தானாம்.

அக்டோபர் 1, செவ்வாய்

தமயந்தி குறிப்பாணைக்கு எழுதிய பதிலில், சேகரிப்பானில் உள்ள செப்டம்பர் 13ஆம் தேதி வரிகளை விசாரணையில் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். விசாரணை அக்டோபர் 15.

அக்டோபர் 3, வியாழன்

அந்த நாளின் வரிகளை அச்செடுக்க அனுமதி கேட்டுக் கோப்பு வைத்தேன். இதைவிட வெளிப்படையாக ஒருவன் நடந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன்.

கோதண்டபாணி கூப்பிட்டார். "நூத்தியெம்பது நாள் இருக்கும்னு சான்று குடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

"அப்ப இன்னைக்கு அச்செடுத்தா என்ன அர்த்தம்? உங்க சான்று மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லன்னு அர்த்தம். பதினஞ்சாந் தேதி ஸ்கிரீன்லயே காட்டுங்க. இன்னும் கம்பீரமா இருக்கும்."

கோப்பில் 'தற்போது அவசியமில்லை' என்று எழுதினார். மறுத்துப் பேச இடமில்லாத வாதம்.

அக்டோபர் 4, வெள்ளி

டிஸ்க் என்ன ஆயிற்று என்று கொள்முதலில் கேட்டேன். மூன்றாவது கொட்டேஷன் வரவில்லை. மூன்றாவது கடையே இல்லாததால் இரண்டாவது கடைக்காரர் தம்பி பெயரில் ஒன்று கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தம்பி வெளிநாட்டில்.

ஷர்மிளாவிடம் பேசினேன். "என்ன சார், இன்னும் ரூமுக்குள்ளயா இருக்கு?" என்றார். "சரி, ஒரு பென்டிரைவ் சொருகுங்க. காப்பி பண்ணிக்கலாம். ரெண்டு நிமிஷம்."

ஆலையில் பென்டிரைவுக்குத் தடை. போன ஜனவரி சுற்றறிக்கை. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. எழுதியது நான்தான், கடைசிப் பத்தி நன்றாக அமைந்திருந்தது என்று அப்போது பலர் சொன்னார்கள்.

"யார் சார் பாக்கப் போறாங்க?" என்றார்.

யார் எதைச் செருகினாலும் ஒரு வரி விழும் என்று விளக்கினேன். அதையும் டிக்கெட்டில் எழுதிக்கொண்டார்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஆயுத பூஜை சுற்றறிக்கை வந்தது. 'இயந்திரப் பதிவேட்டில் உள்ள அனைத்தும் 10ஆம் தேதி வியாழன் மாலை 3 மணிக்குள் சுத்தம் செய்யப்பட்டு, முழுமையாக நிறுத்தப்பட்டு, பூஜையில் வைக்கப்பட வேண்டும். திங்கள் காலை வரை எதையும் இயக்கக் கூடாது.' வருடா வருடம் வருவதுதான். அரவை தொடங்குமுன் இயந்திரங்களுக்கு ஓய்வு. ஒரு வருடம் யாரோ விடுமுறையில் பம்பை ஓட்டி, அந்தப் பருவம் முழுக்கக் கொதிகலன் மக்கர் செய்தது. அதிலிருந்து இதில் விளையாட்டு கிடையாது.

எண் 118 தொடர்ந்து ஓட வேண்டியது என்று போய்ச் சொன்னேன்.

"ஏன், அது மட்டும் என்ன உசத்தி?" என்றார் கோதண்டபாணி. "ஏழு டர்பைனும் மில்லும் நிக்குது. தளவாடத்துல போடலாம்னு நான் சொன்னேன். இயந்திரம்னு நின்னது நீங்க."

காவல் பெட்டி தளவாடம் ஆகையால் விடுமுறையிலும் ஓடும். பேசுகிறவன் இருப்பான். கேட்கிறவன் இருக்கமாட்டான்.

அக்டோபர் 9, புதன்

ஷர்மிளா அவராகவே அழைத்தார். இது அவர் வேலையில் சேராது.

"சார், நாளைக்கு நிறுத்தறீங்கன்னு மெயில் போட்டிருந்தீங்க. தாராளமா நிறுத்துங்க. ஆனா 'ஸ்டாப்' குடுங்க. 'டவுன்' குடுத்துராதீங்க. ஸ்டாப்னா ரூமைப் பூட்டிச் சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டு கோயிலுக்குப் போறது. வந்து திறந்தா எல்லாம் அப்படியே இருக்கும். டவுன்னா காலி பண்ணிட்டுப் போறது. புரியுதுங்களா?"

"புரிகிறது."

"எழுதிக்குங்க சார்."

எழுதிக்கொண்டேன். மேலே இருப்பது அதுதான்.

அக்டோபர் 10, வியாழன்

பூஜை சிறப்பாக நடந்தது.

காலையிலிருந்தே கழுவல். தமயந்தி விசாரணையில் இருப்பவர் என்பதால் கணினியைத் தொடக் கூடாது. கோலம் போடுவதற்குத் தடை இல்லை. கரும்புப் பிரிவு வாசலில் இரண்டு பக்கமும் கரும்பு வைத்துப் பெரிதாகப் போட்டிருந்தார். பிறகு சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வோர் அறையாக வந்தார். எண் 118க்கு மூன்று பொட்டு வைத்தார். ஃபேன் துவாரத்தில் சந்தனம் அடைத்துவிடாதபடி ஓரமாக, மோதிர விரலால். ஒரு செவ்வந்திப் பூவை மேலே வைத்தார்.

"நல்லா இருக்கணும் சாமி, செவ்வாக்கெழம வரைக்குமாவது" என்று அதனிடம் சொன்னார். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

2.50க்குக் கோதண்டபாணி ஒவ்வோர் அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். இளவழகனும் கூட வந்தார். இருவரும் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்கள்.

"இன்னும் ஓடுது போல?" என்றார் இளவழகன்.

"நிறுத்திக்கொண்டிருக்கிறேன்."

நிறுத்துவதற்கு இரண்டு கட்டளைகள் உண்டு. சுற்றறிக்கையின் வாசகம் 'முழுமையாக நிறுத்தப்பட்டு' என்பது. இரண்டில் எது முழுமையானது என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. 2.54க்கு அதைத் தட்டினேன். பத்து விநாடிகூட ஆகவில்லை.

"அவ்வளவுதானா?" என்றார் இளவழகன்.

"அவ்வளவுதான்."

பூசணிக்காயை ஆலை வாசலில் உடைத்தார்கள். பொரியும் கொண்டைக்கடலைச் சுண்டலும். இளவழகன் தன் கையாலேயே எனக்குப் பொட்டலம் கொடுத்தார். "பொரியில சக்கரை தூக்கலா போடச் சொன்னேன் சார். நம்ம மில்லுல சக்கரைக்கா பஞ்சம்?"

அக்டோபர் 11, வெள்ளி

விடுமுறை. வீட்டில் வண்டிக்குப் பூஜை. சாப்பாடு இறங்கவில்லை. சுண்டல் ஒத்துக்கொள்ளவில்லை என்று மனைவியிடம் சொன்னேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

சுண்டல் இன்னும் சரியாகவில்லை. மூன்று நாளாக ஒரு சுண்டலா என்று கேட்டாள்.

அக்டோபர் 14, திங்கள்

9.05க்குச் சேகரிப்பானை எழுப்பினேன். ஒரே கட்டளை. எந்தக் கோளாறும் இல்லாமல் எழுந்தது. மொத்த வரிகள்: பூஜ்யம். மதியத்துக்குள் பத்தொன்பதாயிரம்.

ஷர்மிளாவுக்குத் தெரிவித்தேன்.

"டவுன் குடுத்தீங்களா சார்?"

"சுற்றறிக்கைப்படி நிறுத்தப்பட்டது."

"நான் சொன்னேனே சார்."

"குறித்துவைத்திருக்கிறேன்."

"அதுல ஏதாவது முக்கியமானது இருந்துதா?"

என்னிடம் அதற்கான பட்டியல் இல்லை என்றேன். அவர் சற்று நேரம் எதையோ தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "டிக்கெட்ட மூடிரட்டுங்களா?" என்று கேட்டார். மூடச் சொன்னேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

விசாரணை. விசாரணை அலுவலர் வெளியூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற அதிகாரி. காது சற்று மந்தம். ஆனால் நேர்மையானவர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இளவழகன் சாட்சி நாற்காலியில். ஆபரேட்டர் கடவுச்சொல்லைத் தான் ஒருபோதும் கேட்டதில்லை என்று சொன்னார். டிரைவர் மாரிமுத்து, தமயந்தி பேருந்தில் வந்தார் என்றார். அன்றைக்கா என்று கேட்டதற்கு, தினமும்தான் வருவார் என்றார். அதனால் அது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

என்னை அழைத்தார்கள்.

"செப்டம்பர் 13ஆம் தேதி வரிகள் உங்களிடம் உள்ளனவா?"

"இல்லை."

"ஏன்?"

"ஆயுத பூஜைக்கு இயந்திரம் நிறுத்தப்பட்டது. சுற்றறிக்கை இணைத்திருக்கிறேன்."

அவர் சுற்றறிக்கையைப் படித்தார். பதிவேட்டின் நகலைப் பார்த்தார். வரிசை எண் 118. எல்லாம் சரியாக இருந்தது.

தமயந்தி ஒரு கேள்வி கேட்கலாமா என்றார். அனுமதித்தார்கள்.

"சார், அந்த வரிய நீங்க பாத்தீங்களா?"

"பார்த்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை" என்றேன்.

"ஆவணம் கேக்கல சார். அது போயிருச்சு, சரி. நீங்க பாத்தீங்களா இல்லையா? பாத்தீங்கன்னா பாத்தேன்னு சொல்லுங்க. ஒரு வார்த்த போதும்."

விசாரணை அலுவலர் காதில் கை வைத்துக் குனிந்தார். "என்ன கேட்கிறார்?" என்று கோதண்டபாணியைப் பார்த்தார். கோதண்டபாணி என்னைப் பார்த்தார். இளவழகன் மின்விசிறியைப் பார்த்தார்.

"லாக் பற்றிக் கேட்கிறார்" என்றேன். "இல்லை என்று சொல்லிவிட்டேன்."

எழுதிக்கொண்டார்கள். தமயந்தி குறிப்பாணையை மறுபடி மடித்தார். அது இனி மடிக்க முடியாத அளவுக்குச் சிறியதாகிவிட்டிருந்தது.

இந்த நோட்டை வீட்டில் பீரோவில் வைப்பதென்று முடிவு செய்தேன். முன்பே எழுதியபடி, இது ஆவணமல்ல.

அக்டோபர் 18, வெள்ளி

டிஸ்க் வந்தது. மூன்றாவது கொட்டேஷனைத் தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். ஷர்மிளா விடுப்பாம்; வேறொருவர் பேசினார். வெளியே ஃபோல்டர் அமைக்கப் பதினொரு நிமிடம். இனிமேல் கன்டெய்னரை எத்தனை முறை காலி செய்தாலும் வரிகள் அப்படியே இருக்கும். மதியம் 3.30க்குப் பரிசோதித்துப் பார்த்தேன். டவுன் கொடுத்து மறுபடி எழுப்பினேன். ஒரு வரிகூடக் குறையவில்லை.

இடமாற்றப் பட்டியல் வந்தது. என் பெயர் இல்லை.

வெட்டு வரிசையில் மாற்றமில்லை என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். அய்யாக்கண்ணு வாசலில் நின்றிருந்தார். அறைக்குள் வரவில்லை.

மாலை நான்கு மணிக்குக் கோதண்டபாணியிடமிருந்து விசாரணை முடிவின்படி ஓர் உத்தரவு, உடனடி நடவடிக்கைக்காக. நடவடிக்கை எடுத்தேன். நிரந்தரமாகச் சேமிக்கப்படுகிறதா என்று சரிபார்க்கத் திரையில் தேடினேன். சேமிக்கப்பட்டிருக்கிறது.

18-10, 16:42:07. பயனர்: தமயந்தி. முடக்கம். கணினி: சபேசன் அறை.